அண்ணாவியாருக்குச் சால்வை போதும் என்று யார் தீர்மானித்தது?

சனிக்கிழமை நடந்த அரசுக் கலை விழாவில், எங்கள் கூத்துக் குழு ஆடும்போது நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பாட்டில் ஒலிவாங்கி நின்றதையும், அதற்குப் பிறகும் மத்தளக்காரர் அடிப்பதை நிறுத்தாமல் நின்றதையும் மறுபடி எழுத என்னால் முடியாது. விடியும்வரை ஆடுகிற, மட்டக்களப்பின் வடமோடிப் பாணிக் கூத்துக்கு 12 நிமிடம் கொடுத்து, அதையும் 9ஆவது நிமிடத்தில் மறித்தார்கள். அதைவிடப் பெரிய கோபம் எனக்குக் காசைப் பற்றியது.

உடுப்பும் கிரீடமும் ஏற்றிவந்த லொறிக்கு, கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் ஆசானான அண்ணாவியார்தான் கூலி கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு சால்வையும் சான்றிதழும். சான்றிதழில் அவருடைய ஊரின் பெயர்கூடப் பிழை. அதே திடலில் அலங்கார வளைவு, மின்விளக்குகள், பிரமுகர்களுக்கு மதிய உணவு. எவ்வளவு செலவு? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆடியவர்களுக்கும் தெரியாது. கலைக்கென்று ஒதுக்கிய பொதுப் பணத்தின் கணக்கு, அந்தக் கலையை ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் அம்மப்பா கூத்துப் பழக்கிய காலத்தில், சட்டம் கொடுத்த நாள், அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம்வரை ஊர்தான் நெல்லும் காசும் சேர்த்தது. எல்லாம் முடிந்த பிறகு கோயில் வீதியில், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் முன்னிலையில் கணக்கு வாசிப்பார்கள். மத்தளத்துக்குத் தோல் மாற்றியது, பெற்றோமாக்ஸ் வாடகை, தேயிலை, சீனி எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை சீனிக் கணக்கு இடித்தது. அம்மப்பா எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில், “ஊர்க் காசு பிள்ளை, கேட்கத்தான் செய்வார்கள்” என்றார். அவர் முகத்தில் துளிக் கோபமும் இல்லை. ஒரு சுண்டுச் சீனிக்கு அவர் சொன்ன பதிலை, ஒரு விழாவுக்கு இவர்கள் சொல்லக் கூடாதா?

அதிகாரிகள் எல்லோரும் கள்வர்களா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அன்று வெயிலில் கதிரை தூக்கிய உத்தியோகத்தர்களையும் பார்த்தேன். கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார், பாராளுமன்றத்தில் அரசாங்கக் கணக்குக் குழு இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். அவர்களுடைய அறிக்கை வரும்போது வளைவைக் கழற்றி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். அந்த அறிக்கையை அண்ணாவியாரின் வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

2022இல் கடன் கட்ட முடியாமல் நின்ற இலங்கையில் கூத்துக்குக் காசு எதற்கு என்றால், வளைவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பேராசிரியர் வித்தியானந்தனும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கித்தானே மேடையேற்றினார் என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். ஆம், 1962இல் ‘கர்ணன் போர்’. அவர் அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாணவர்களை மாதக்கணக்கில் ஆடவைத்து, எது இருக்க வேண்டும் எது போகலாம் என்று பார்த்துச் சுருக்கினார். மேடைக்குப் பின்னால் நின்று மணிக்கூட்டைக் காட்டவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள், வயிறு எரிகிறது.

எங்கள் ஆட்களே “கிடைப்பதையும் கெடுக்காதே” என்று சொல்வதுதான் அதிகம் வலிக்கிறது. என்ன கிடைத்தது? சென்ற வருடம் அந்தக் குழுவில் பதினொரு பேர் ஆடினார்கள். இந்த வருடம் ஏழு பேர். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், இரவில் பழக வர முடியாது. தருமருக்கு ஆடியவர் தை மாதம் இறந்தார். அவருடைய பாட்டெல்லாம் அவர் வாயில்தான் இருந்தது, கொப்பியில் பாதிகூட இல்லை. அந்த வளைவின் செலவில் ஒரு பதிவுக் கருவியாவது வாங்கியிருக்கலாமே!

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நேற்று விழாச் செலவுக் கணக்கைக் கேட்கும் விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். அண்ணாவியாரிடம் கையெழுத்துக் கேட்டேன். “அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் பிள்ளை, பொடியன்கள் ஆட ஆசைப்படுகிறார்கள்” என்றார்.

அவருடைய பெயரை எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை என் பெயரில் கொடுக்கிறேன்.