சாதகம் பார்க்கிறோம், வருத்தத்தை மறைக்கிறோம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கான்சர் என்று கதை வெளியில் வந்தால், மருந்து தொடங்க முன்னமே விசாரணை தொடங்கிவிடும். பிள்ளைக்கு ஒழுங்காகப் பால் கொடுக்கவில்லையாம். இறுக்கமான பிரா போடுவாளாம். ஃபோனை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிவாளாம். கடைசியில் யாராவது ஒருவர் செய்வினை என்று முடித்துவைப்பார்.

இதில் பாதி சும்மா கதை. பிரா, டியோடரன்ட், எப்போதோ பட்ட அடி எதுவும் இந்த நோயைக் கொண்டுவருவதாக நிறுவப்படவில்லை. கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று கூடியிருப்பது யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் உண்மையான பிரச்சினைதான், அதற்காகச் சண்டை பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு நிறுவப்பட்ட காரணங்களில் அது இல்லை.

மற்றப் பாதிதான் சிக்கல், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பால் கொடுத்தால் ஆபத்து குறையும், சரி. எவ்வளவு? 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002 இல் வெளியான கணக்கின்படி, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒப்பீட்டளவில் 4.3 வீதம். இதை வைத்துக்கொண்டா ஒருத்தியைக் கூண்டில் ஏற்றுகிறோம்? நாலு பிள்ளைக்கும் பால் கொடுத்து வளர்த்த அம்மாமாருக்கும் இந்த வருத்தம் வருகிறது.

12 வயதுக்கு முன் பெரியபிள்ளையாவது, 55 க்குப் பிறகும் மாதவிடாய் நிற்காமல் இருப்பது, முதல் பிள்ளை 30 க்குப் பிறகு பிறப்பது, பிள்ளையே இல்லாமல் இருப்பது, எல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஈஸ்ட்ரஜன் போன்ற ஹோர்மோன்கள் உடம்பில் எத்தனை வருடம் ஓடுகின்றன என்பதுதான் இதன் அடிப்படை. ஆனால் இதில் எது அவள் கையில் இருக்கிறது? போரும் இடப்பெயர்வும் கலியாணத்தைப் பிந்தவைத்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையின் ஸ்பொன்சர் விசா சரிவரும் வரை வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளை பிந்தியது அவர்கள் விருப்பமா என்று.

கையில் உள்ளதும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு கூடும் நிறை, உடல் அசைவில்லாத வாழ்க்கை, மது, அந்த வயதில் நீண்டகாலம் எடுக்கும் சில ஹோர்மோன் மாத்திரைகள். மது எங்கள் பெண்கள் பலருக்குப் பொருந்தாது. நிறை நன்றாகவே பொருந்தும். ஆனால் எல்லாம் சொன்ன பிறகும், நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பெண் என்பதையும் 40 வயது தாண்டியதையும் தவிர வேறு குறிப்பான காரணம் இருப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அம்மாவுக்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் ஒருத்தியின் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 வீதமானவை பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருபவை. இந்தத் தகவலைத்தான் நாங்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். கலியாணப் பேச்சுக்கால் நடக்கும்போது மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்தால் குழம்பிப்போகுமாம். செவ்வாய் எத்தனையாம் வீட்டில் என்று துருவித் துருவிக் கேட்போம். பெரியம்மா எதனால் செத்தவா என்றால் "வயித்துக்குள்ள ஏதோ வருத்தம்". தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்கள் அங்கேயுள்ள துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவதும் நடக்கிறது. தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை 2011 இல் ஆட்கள் நடந்து காசு சேர்த்துக் கட்டிய ஆஸ்பத்திரிக்கு ஒளித்துத்தான் போக வேண்டுமா?

ரொறன்ரோவில் டொக்டர் குடும்ப வரலாறு கேட்கிறார், மகள் இங்கே ஃபோன் எடுக்கிறாள், "எங்கட பக்கத்தில அப்பிடி ஒண்டும் இல்லை" என்று அம்மா சொல்லிவிடுகிறா. அந்தப் பதிலை நம்பித்தான் அங்கே பரிசோதனையைத் தீர்மானிக்கிறார்கள்.

ஆகவே கேளுங்கள். யாருக்கு வந்தது, எத்தனை வயதில் வந்தது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா. 50 க்கு முன் வந்திருந்தால் அது முக்கியம். சூலகப் புற்றுநோயும் அதே மரபணுக்களோடு வரலாம், அதையும் கேளுங்கள். அப்பா பக்கத்தை விடவேண்டாம். பிஆர்சிஏ (BRCA) என்கிற அந்த மரபணுக்களில் உள்ள மாற்றம் அப்பாவிடமிருந்தும் பிள்ளைகளுக்கு அரைக்கு அரை வாய்ப்போடு வரும். அரிதாக என்றாலும் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருகிறது, அது குடும்பத்தில் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

35 வயதானவர்கள் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். காசு கட்டத் தேவையில்லை. மார்பையும் பார்ப்பார்கள், பிரஷர், சீனியும் பார்ப்பார்கள். கட்டி ஏதும் தட்டுப்பட்டால் வயதையும் கிளினிக் நாளையும் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நோகவில்லை என்று விடவேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் அது நோகாது.