சாக்கடைத் தண்ணீர் குடிக்கிறவன் எழுதுகிறேன்

சனிக்கிழமை நம் சங்கக் கூட்டத்தில் நடந்ததில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு அதன் காணொளி வாட்ஸ்அப்பில் அன்றிரவே வந்து சேர்ந்திருக்கும். குழாயில் பிடித்து, எலுமிச்சை வில்லை போட்டு நான் மேசையில் வைத்த ஜாடியை ஒருவர் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திரத் தொட்டியில் கவிழ்த்தார். "பிள்ளைகளுக்குச் சாக்கடைத் தண்ணீரா?" என்று கேட்டார். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுத்திகரித்த கழிவுநீரும் சேர்கிறது என்பதுதான் குறை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் பாட்டில் பெட்டிகள் வந்து இறங்கின.

அதே குழாயில் பிடித்த தண்ணீரில் கொதித்த தேநீரை மட்டும் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அது போகட்டும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறோம், ஐயா. மக்கள் குடியிருக்கும் கண்டங்களிலேயே மிக வறண்ட கண்டம் இது. 1970களின் நடுவிலிருந்து இந்தத் தென்மேற்கு மூலையில் குளிர்கால மழை குறைந்துகொண்டே வருகிறது. மழை குறைந்த வேகத்தைவிட அணைக்கு வரும் நீர் வேகமாகக் குறைந்தது, காய்ந்த மண் தன் பங்கைக் குடித்த பிறகுதானே மிச்சத்தை விடும். 2023-24 கோடையில் காட்டு மரங்கள் பழுப்பாகிக் கருகியதை நாமே படம் எடுத்துப் போட்டோம். அப்போது பற்றாக்குறை என்று உங்கள் வீட்டுக் குழாயை யாராவது மூடினார்களா? குடம் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினீர்களா?

இல்லை. ஏனென்றால் 2006-இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, 2011-இல் பின்னிங்கப்பில் இன்னொன்று. 2017-லிருந்து பீன்யப்பில் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடிக்குள் செலுத்துகிறார்கள். அந்த மூன்றாவதுதான் உங்களுக்குச் சிரிப்பு.

பொறுமையாகவே சொல்கிறேன். ஏற்கெனவே சுத்திகரித்த நீரை மறுபடி நுண்வடிகட்டியில் விடுகிறார்கள், பிறகு ஆர்.ஓ., பிறகு புற ஊதாக் கதிர். ஊரில் உங்கள் அம்மா வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ.வேதான், பிரம்மாண்டமாக. அதற்குப் பிறகும் நேரே உங்கள் தம்ளருக்கு வருவதில்லை. லீடர்வில், யாரகாடி என்ற ஆழமான நிலத்தடி நீர்ப்படுகைகளில் இறக்கி, ஆண்டுக்கணக்கில் கிடக்கவிட்டு, எடுத்து, இன்னொரு முறை சுத்திகரிக்கிறார்கள். சாக்கடையாம்!

"மாத்திரைகள், ஹார்மோன்கள் எல்லாம் கலந்திருக்குமே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் தடுக்கத்தான் இத்தனை கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பார்க்கிறார்கள். மேல் பக்கத்தில் ஊரே இல்லாத ஆறு எது, சொல்லுங்கள். திருச்சியில் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தபோது மேலே ஈரோடு இருந்தது நினைவுக்கு வரவில்லையா? செலவு என்பவர்களுக்கு ஒரே வரி: கழிவுநீரைவிடக் கடல்நீரில் உப்பு அதிகம், அதை நீக்க மின்சாரமும் அதிகம்.

நம் சங்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்! அங்கே 2003-இல் சுத்திகரித்த கழிவுநீர் 'நியூவாட்டர்' என்ற பெயரில் வந்தபோது அது தொலைநோக்கு, பெர்த்தில் வந்தால் மட்டும் சாக்கடை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968-லிருந்தே கழிவுநீரைக் குடிநீராக்கிக் குடிக்கிறது, நடுவில் நிலத்தடியில் இறக்கிவைப்பதுகூட இல்லாமல். இந்த நாட்டிலேயே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் துவூம்பா மக்கள் 2006-இல் வாக்கெடுப்பு நடத்தி, கழிவுநீரைக் குடிநீராக்கும் திட்டத்தை 62 சதவீதம் பேர் 'சீ' என்று ஒதுக்கினார்கள். கடைசியில் வைவன்ஹோ அணையிலிருந்து மலையேற்றி அவர்களுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியதாயிற்று.

என் அப்பத்தா ராமநாதபுரம் பக்கம். ஊருணியிலிருந்து வருகிற தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும், சில நாள் ஆட்டுப் புழுக்கையும் மிதக்கும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை வட்டவட்டமாகத் தேய்த்து ஊற்றிவைப்பாள். விடியும்போது சேறு அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்ததை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தோம். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

ஆனால் அந்த ஊருணியில் யார் இறங்கலாம், யார் கரையிலேயே குடத்தோடு காத்துக் கிடக்க வேண்டும் என்றொரு கணக்கு இருந்தது. ஆட்டுப் புழுக்கை மிதந்த தண்ணீர் தீட்டாகவில்லை, சில மனிதர்களின் கை பட்டால் தீட்டாகிவிட்டது. மலக்குழிக்குள் மனிதனை இறக்கிவிட்டு மேலே நின்று பார்க்கிற நாட்டிலிருந்துதானே வந்திருக்கிறோம்? அப்போதெல்லாம் வராத அருவருப்பு, இயந்திரம் கழுவிக் கொடுத்த தண்ணீரைப் பார்த்தா வருகிறது? அன்று அந்தச் சிரிப்பில் எனக்குக் கேட்டது தண்ணீரைப் பற்றிய பயம் அல்ல. எனக்கு அது பழகிய சிரிப்பு.

"தண்ணீரைப் பேச வந்து சாதியை ஏன் இழுக்கிறாய்?" என்று முதல் பின்னூட்டம் வரும். வரட்டும், பதில் சொல்கிறேன். நீர்ப்படுகை, ஆர்.ஓ., ஹார்மோன் என்று எது கேட்டாலும் தெரிந்தவரை சொல்கிறேன். அந்தக் காணொளியை மட்டும் மறுபடியும் யாராவது அனுப்பினால் நட்பு வட்டத்திலிருந்து நீக்கிவிடுவேன், அண்ணன் தம்பி என்று பார்க்கமாட்டேன்.