பீரங்கி மேட்டுப் பீரங்கியைச் செய்தது யார்?

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்குப் போயிருந்தேன். ராஜகோபால பீரங்கியைப் பார்த்ததும் பையன், "இத யாரு மாமா செஞ்சா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர், "டேனிஷ்காரன் தம்பி" என்று முடித்துவிட்டார்.

நானும் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். பீரங்கி ரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள். அவரிடம்தான் 1620இல் டேனிஷ்காரர்கள் உடன்படிக்கை போட்டுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். சரி, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று.

எனக்கு இது ஒட்டவே இல்லை. கிட்டே போய்ப் பாருங்கள், அது வார்த்த பீரங்கி இல்லை, அடித்த பீரங்கி. நீளமான இரும்புப் பட்டைகளைப் பீப்பாய் மாதிரி வட்டமாகச் சேர்த்து, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிச் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள், ஆற ஆற வளையம் சுருங்கி உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும், மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற அதே வேலைதான், என்ன, இங்கே சுமார் 25 அடி நீளம், 22 டன் எடை. ஐஐடி கான்பூர் பேராசிரியர் பாலசுப்ரமணியம் (டெல்லி இரும்புத் தூணை ஆராய்ந்தவரேதான்) குழுவினர் 2004இல் எழுதியதும் இதையேதான்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இப்படிச் செய்தார்கள். எடின்பரோ கோட்டையில் இருக்கும் மான்ஸ் மெக் அந்த வகை. ஆனால் அது 1449. ரகுநாதர் காலத்துக்குள் அவர்கள் வார்ப்புக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. சொந்த ஊரில் கைவிட்ட வேலையைக் கப்பலேறி வந்து நம் கொல்லர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாக்கும்! தக்காணத்துக் கோட்டைகளிலும், வங்காளத்துப் பிஷ்ணுபூரிலும் இதே மாதிரி அடித்த இரும்புப் பீரங்கிகள் கிடக்கின்றன. அந்தக் குடும்பத்தில்தான் தஞ்சாவூர்க்காரரையும் சேர்ப்பேன். பெயரைப் பாருங்கள், நாயக்கர்கள் கும்பிட்ட மன்னார்குடி சாமி பெயர்.

அதற்காக எல்லாமே நாம் கண்டுபிடித்தது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அதையும் நம்புகிறவன் இல்லை நான். வெடிமருந்தே வெளியிலிருந்து வந்ததுதான். டேனிஷ்காரர்களுக்கு முன்பே நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள், யாராவது ஏதாவது யோசனை சொல்லியிருக்கலாம். ஆனால் சம்மட்டி பிடித்த கை நம்மூர்க் கொல்லருடையது என்றுதான் அந்த இரும்பு எனக்குச் சொல்கிறது.

இவ்வளவையும் அங்கேயே நின்று அந்த மனிதரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் டேனிஷ்காரன் சொல்லிக் குடுத்திருப்பான் சார்" என்றார். பையன் அதற்குள் வளையங்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு ஐஸ் கேட்டான்.