வைஃபைக்குக் கட்டளை தட்ட வேண்டியதில்லை
"லினக்ஸில் வைஃபை இணைக்கவே கறுப்புத் திரையில் கட்டளை தட்டணும், மாட்டிக்கொண்டால் உதவி தேட இன்னொரு கணினி வேண்டும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் சரி.

இப்போது லினக்ஸ் இயங்குதள வகைகளான உபுண்டு, மின்ட், ஃபெடோரா எதை எடுத்தாலும் இணைப்பைப் பார்த்துக்கொள்வது நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள். 2004இல் ரெட் ஹேட் நிறுவனம் தொடங்கிய திட்டம் அது. திரையின் மூலையில் இருக்கும் ஐகானைத் தட்டி, பெயரைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் கூடவே வந்துவிடுகிறது.

நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கும் இடம் ஒன்று உண்டு. சில பிராட்காம் நிறுவன வைஃபை சிப்களுக்கு டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், தனியாக நிறுவ வேண்டும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். கோழியா முட்டையா கதைதான்! ஆனால் அதற்கும் இன்னொரு கணினி தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கை போனில் இயக்குங்கள். லினக்ஸ் அதைச் சாதாரண கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்டில் 'டிரைவர் மேனேஜர்' என்பதைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

உதவிக்கும் நெட் கட்டாயமில்லை. க்னோம் என்ற திரைச்சூழலில் கோப்பு மேலாளரைத் திறந்து எஃப்1 அழுத்திப் பாருங்கள், கையேடு வட்டிலிருந்தே திறக்கும். டெர்மினல் (அந்தக் கறுப்புத் திரைதான்) பிடித்தவர்களுக்கு 'மேன்' பக்கங்கள் என்ற கட்டளைக் கையேடுகள் இருக்கின்றன: சாய்கோடு போட்டுச் சொல்லைத் தேடலாம், 'க்யூ' அழுத்தினால் வெளியே. வெளியேறத் தெரியாமல் ஜன்னலையே மூடிய ஆள்தான் நானும்.