மைக்கா இல்லாதிருந்தால்

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வீடியோ விளையாட்டை இரண்டாம் முறையாக விளையாடி முடித்தேன். 2018 அக்டோபரில் அது வெளிவந்தபோது வாங்கி முடித்துவிட்டு, இதைவிட நன்றாகக் கதை சொன்ன விளையாட்டு வேறில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது அந்தப் பேச்சில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம், அதில் வரும் மைக்கா பெல் என்ற பாத்திரம். கதையின் கடைசிக் காட்சிவரை பேசப்போவதால், இனிமேல்தான் விளையாட வேண்டும் என்றிருப்பவர்கள் இந்தப் பதிவைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கதை 1899இல் நடக்கிறது. பேச்சாலேயே ஆட்களைக் கட்டிப்போடக்கூடிய டச் வான் டெர் லிண்ட என்பவனின் கொள்ளைக் கும்பல், பிளாக்வாட்டர் ஊரில் ஒரு படகுக் கொள்ளை சொதப்பியதால் பனிமலைக்குள் தப்பி ஓடுகிறது. அந்தக் கொள்ளையின்போது டச் ஓர் இளம்பெண்ணைச் சுட்டுக் கொன்றான் என்பது கும்பலில் ஒருவனான ஆர்தர் காதில் விழுகிறது. ஆர்தர் அங்கே இருக்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. ஆர்தர் மார்கன் சிறுவயதிலேயே டச்சிடம் வந்து சேர்ந்தவன், மகனைப் போல வளர்க்கப்பட்டவன். அவனாகத்தான் நாம் விளையாடுகிறோம்.

முதலில் இந்த விளையாட்டு எதில் வென்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோல்வியின் அளவு அதை வைத்துத்தான் புரியும். கும்பலில் ஸ்ட்ராஸ் என்றொருவன் ஏழைகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பவன்; அதை வசூலித்து வருவது ஆர்தரின் வேலை. அப்படி ஒரு வசூலுக்காகத் தாமஸ் டவுன்ஸ் என்ற சிறு விவசாயியின் வீட்டுக்கு நாம் போகிறோம். வாலன்டைன் ஊரின் சேற்றுத் தெருவில் நடந்த அடிதடியில், ஆர்தர் ஒருவனை அடித்தே கொன்றுவிடப் போகிறான் என்று பயந்து, குறுக்கே வந்து கெஞ்சி நிறுத்தியவர் அதே டவுன்ஸ்தான். இப்போது தன் தோட்டத்தில் நிற்கிறார், நோயாளி, கையில் காசில்லை. அவரை அடிப்பதைத் தவிர விளையாட்டு நமக்கு வேறு வழி தருவதில்லை. அடிபட்டவர் இருமுகிறார், இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது, மனைவியும் மகனும் ஓடி வருகிறார்கள், நாம் குதிரையேறிக் கிளம்பிவிடுகிறோம். இசை உயர்வதில்லை, கேமரா நின்று பார்ப்பதில்லை, அடுத்த மிஷன் எங்கே என்று வரைபடத்தைத் திறந்துவிடுகிறோம்.

பல மணி நேரம் கழித்து, செயின்ட் டெனிஸ் நகரத்துத் தெருவில் ஆர்தர் மயங்கி விழுந்து மருத்துவரிடம் கொண்டுபோகப்படும்போதுதான் அது காசநோய் என்று தெரிகிறது. எங்கே தொற்றியது என்பதும் அந்த நொடியிலேயே விளங்கிவிடுகிறது. நாம் வெறுமனே பார்க்கும் கட்சீனில் அந்த அடி நடந்திருந்தால் அது ஆர்தர் செய்த பாவமாக மட்டும் இருந்திருக்கும். கன்ட்ரோலரைப் பிடித்திருந்தது நம் கை என்பதால் அதில் நமக்கும் பங்கிருக்கிறது. பிற்பாடு டவுன்ஸின் மனைவி ஈடித், பிழைக்க வழியின்றி உடலை விற்கும் நிலைக்கு வந்துவிட்டதைக் காண்கிறோம். ஆர்தர் அவளுக்குப் பணம் கொடுக்கப்போகும் கிளைக்கதைக்கு எழுத்தாளர்கள் வைத்த தலைப்பின் பொருள் ‘பாவமன்னிப்பைத் தேடாதே’ என்பது. மன்னிப்பும் கிடைப்பதில்லை, மனம் ஆறுதலடைவதும் இல்லை. ஒரு ரயில் நிலையத்து மேடையில் கன்னியாஸ்திரி ஒருவரிடம் ஆர்தர் தனக்குப் பயமாக இருப்பதாக ஒப்புக்கொள்ளும் காட்சி வந்தபோது, அவ்வளவு பெரிய உருவத்தின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதைக் கேட்டு நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

இதே விளையாட்டில் ஒரு மிஷனுக்கு முப்பது பேரைச் சுட்டுத்தள்ளிவிட்டு, தலைக்கு வைத்த விலையைத் தபால் நிலையத்தில் கட்டிவிட்டுச் சாவகாசமாக வெளியே வரலாம் என்பது பழைய புகார். டவுன்ஸ் ஒருவருக்காக உருகுகிறவன் அந்த முப்பது பேரைப் பற்றித் தன் நாட்குறிப்பில் ஏன் அவ்வளவாக எழுதுவதில்லை என்று கேட்கலாம்தான். எனக்கு அது அவ்வளவாக உறுத்தவில்லை. சுடும் விளையாட்டு என்று தெரிந்துதான் வாங்கினோம்.

எனக்கு உறுத்துவது மைக்கா பெல். கும்பலில் சேர்ந்து சில மாதங்களே ஆனவன். முதல் மணி நேரத்திலேயே அவன் கெட்டவன் என்பது தெரிந்துவிடுகிறது. அவனது குரல், நடை, கண்ணில் படுகிறவர்களையெல்லாம் சீண்டும் பேச்சு, எல்லாமே அதற்குச் சாட்சி. ஸ்ட்ராபெரி ஊர்ச் சிறையிலிருந்து அவனை விடுவிக்கிறோம். தப்பித்து ஓடாமல், தன் துப்பாக்கிகளை மீட்பதற்காக ஊரையே சுடுகாடாக்குகிறான். இப்படிப்பட்டவனை அதன் பிறகும் ஒரு தலைவன் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்றால் அந்தத் தலைவன் முட்டாளாக இருக்க வேண்டும். டச்சோ முட்டாளாக எழுதப்பட்டவன் அல்ல. எழுத்தாளர்கள் இங்கேதான் தாங்களே போட்ட முடிச்சில் மாட்டிக்கொள்கிறார்கள். மைக்காவை நம்புவதற்கு டச்சுக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை விளையாட்டு கடைசிவரை காட்டுவதே இல்லை. சந்தேகம் வளர்ந்துவரும் தலைவனுக்கு ‘நீ சொல்வதுதான் சரி’ என்று காதில் ஓதுகிற ஆள் தேவைப்படும், அதுதான் மைக்கா என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஓதுகிறவன் கொஞ்சமாவது இனிமையாகப் பேசுகிறவனாக, நமக்கும் ஒரு கட்டத்தில் பிடித்துப்போகிறவனாக இருந்திருந்தால், டச் ஏமாந்தபோது நாமும் கூடவே ஏமாந்திருப்போம்.

மைக்காவே தேவையில்லை என்பதற்கான ஆதாரமும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் குவார்மா தீவுக் குகையொன்றில் வழிகாட்ட வந்த கிழவி கத்தியைக் காட்டிக் கூடுதல் பணம் கேட்கிறாள். டச் அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, அவள் நம்மைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தாள் என்கிறான். அந்தக் குகையில் மைக்கா கிடையாது. யாரும் எதையும் காதில் ஓதவில்லை. இருப்பது ஆர்தர், டச், அந்தக் கிழவி ஆகிய மூவர் மட்டுமே. முழு விளையாட்டிலும் டச்சின் உள்ளே இருப்பது அப்பட்டமாக வெளியே வருவது அங்கேதான். அடுத்த அத்தியாயத்தில் எண்ணெய் ஆலையில் ஒரு சிப்பாயின் கையில் ஆர்தர் சிக்கிக்கொண்டு திணறும்போது, டச் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுகிறான். ஒரு வார்த்தை கூடப் பேசுவதில்லை. இருபது வருட உறவின் முடிவைச் சொல்ல அந்த முதுகு போதும்.

இவ்வளவு நுட்பமாக ஒரு மனிதனின் சரிவை எழுதத் தெரிந்தவர்கள், மைக்காதான் கும்பலைத் துரத்தும் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் உளவாளி என்ற திருப்பத்தை ஏன் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பிங்கர்ட்டன் அதிகாரி மில்டன் அதைச் சொல்லும்போது, மைக்கா தங்களிடம் வந்து சேர்ந்தது குவார்மாவிலிருந்து திரும்பிய பிறகுதான் என்பதும் தெரிகிறது. அதாவது, செயின்ட் டெனிஸ் வங்கிக் கொள்ளை பாழானதற்கும், டச்சின் பழைய கூட்டாளி ஹோசியா அப்போது சுட்டுக் கொல்லப்பட்டதற்கும் துரோகி காரணமில்லை. அவை டச்சின் திட்டங்கள். இந்த ஒரு தகவலே டச்சைக் கூண்டில் நிறுத்தப் போதுமானது. ஆனால் கதை அதைக் கண்டுகொள்ளாமல், ஆத்திரம் முழுவதையும் மைக்காவின் பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கிருந்து டச், தவறு செய்த தலைவன் என்ற இடத்திலிருந்து இறங்கி, கெட்ட சகவாசத்தால் வழிதவறியவன் ஆகிவிடுகிறான்.

2010இல் வந்த முதல் விளையாட்டைப் பாருங்கள். அதில் 1911இல், ஒரு காலத்தில் அதே கும்பலில் இருந்த ஜான் மார்ஸ்டன் டச்சைத் தேடிப் போகிறான். மைக்கா என்ற பெயரே அதில் இல்லை. மலை விளிம்பில் நிற்கும் டச், தன் இயல்பை எதிர்த்துத் தன்னால் போராட முடியவில்லை என்கிற பொருளில் பேசிவிட்டு, தானே பின்னால் சாய்ந்து விழுந்து சாகிறான். பழி போட ஆள் கிடைக்காத அந்த டச் எனக்கு இன்றும் ஆறாத காயம். எட்டு வருடம் கழித்து, அதைவிடப் பல மடங்கு பெரிய விளையாட்டில் அதே ஆளுக்கு ஒரு சாக்கு தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் விளையாட்டில் முக்கியக் கதைக்குப் பின் வரும் பின்கதையின் கடைசி மிஷனில் 1907ஆம் ஆண்டுப் பனிமலையில் ஜான் மைக்காவைத் தேடிப்போக, அங்கே டச்சும் இருக்கிறான். துப்பாக்கிகள் நீண்டிருக்க, யார் பக்கம் சாய்வான் என்று தெரியாத நிலையில் டச் மைக்காவைச் சுடுகிறான், ஜான் மீதியை முடிக்கிறான். முதல்முறை விளையாடியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். இந்த முறை உட்கார்ந்தே இருந்தேன். சுட்டவன் ஒன்றும் சொல்லாமல் பனிக்குள் நடந்துபோகிறான், பிளாக்வாட்டரில் கொள்ளையடித்த பணம் அங்கேயே கிடக்கிறது, அதைக் கொண்டு ஜான் தன் பண்ணையின் வங்கிக் கடனை அடைக்கிறான். குவார்மாவில் செத்த கிழவியின் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுப்பதில்லை.