ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமா?

கடந்த வாரம் நான் ஆதரிக்கும் கால்பந்து அணி, பட்டியலின் உச்சியில் இருக்கும் அணியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. எண்பது நிமிடங்களுக்கு மேல் கோல் விடாமல் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரு கார்னரில் எதிரணி வீரர் ஒருவரைக் கவனிக்காமல் விட்டதால் வந்த தோல்வி அது. ஆட்டம் முடிந்த கையோடு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுந்த வாக்கியம் இது: "இப்படிப் பயந்து ஒடுங்கித் தோற்றதற்கு, ஏறி ஆடி ஐந்து கோல் வாங்கியே தோற்றிருக்கலாம்." அதை ஆமோதித்து அடுத்தடுத்துப் பதில்கள் வந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. மறுநாள் காலையில் அந்த வாக்கியத்தை மீண்டும் படித்தபோதுதான் அது உறுத்தத் தொடங்கியது. உண்மையிலேயே ஐந்து கோல் வாங்கியிருந்தால் அந்த இரவில் நாங்கள் என்ன எழுதியிருப்போம்?

ஏறி ஆடித் தோற்றவர்களின் கதை நமக்குத் தெரியாததல்ல. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில், காயத்தால் நெய்மாரையும் தடையால் தியாகோ சில்வாவையும் இழந்திருந்த பிரேசில், சொந்த மண்ணின் ஆரவாரத்தை நம்பி ஜெர்மனியை நோக்கிப் பாய்ந்தது. 23ஆம் நிமிடத்துக்கும் 29ஆம் நிமிடத்துக்கும் இடையில் நான்கு கோல்கள் விழுந்தன, முடிவில் 1-7. "பரவாயில்லை, துணிந்து ஆடினார்கள்" என்று அன்றைக்கு எந்த பிரேசில் ரசிகரும் ஆறுதல் கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. பயிற்சியாளர் ஸ்கொலாரி சில நாள்களில் பதவியில் இல்லை. பிரேசிலைப் பலவீனமான அணி என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் இரு முக்கிய வீரர்கள் இல்லாத நிலையில் ஒரு வலுவான அணிக்கு எதிராக நடுக்களத்தைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே, பெரிய எண்ணிக்கையில் தோற்றால் மனம் லேசாக இருக்கும் என்பது சின்ன எண்ணிக்கையில் தோற்றவர்களுக்கு மட்டுமே தோன்றும் கற்பனை. ஐந்து கோல் வாங்கிய இரவில் நாமே "பின்னால் ஆளே இல்லையே, இந்த அணிக்கு எதிராக இவ்வளவு முன்னேறி ஆடச் சொன்னது யார்?" என்று கேட்டிருப்போம். இரண்டு பக்கமும் ஒரே வாய்தான் பேசுகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னதும், தற்காத்து ஆடுவது எப்போதும் சரி என்று வாதாட வருகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வருத்தம் வேறு. பின்வாங்கி ஆடும் முடிவு, அந்த முடிவைச் செயல்படுத்தும் திறமை, பந்து கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்ற திட்டம் ஆகிய மூன்றையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டி "கோழைத்தனம்" என்று பெயர் எழுதிவிடுகிறோம். மூட்டையைப் பிரித்தால்தான் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் தெரியும்.

பெனால்டி பகுதியின் முன்னால் பத்துப் பேர் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, நிற்பதுதானே, அதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். நிற்பவர்கள் உண்மையில் நிற்பதில்லை. பந்து இடப்பக்கம் போனால் நான்கு பேரோ ஐந்து பேரோ கொண்ட பின்வரிசை முழுவதும் சில அடிகள் இடப்பக்கம் நகர வேண்டும். நடுவரிசையும் அதே கணத்தில் நகர வேண்டும். இரு வரிசைகளுக்கும் இடையில் எதிரணியின் தாக்குதலை உருவாக்கும் வீரர் ஒருவர் திரும்பி நின்று பந்தை வாங்கும் அளவுக்கு இடைவெளி விழக்கூடாது. பக்கவாட்டில் பந்தை ஆடவிடலாம், நடுவில் விடக்கூடாது. ஒருவர் பந்தை நோக்கி வெளியே வந்தால் அவர் விட்டுவந்த இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் மூட வேண்டும். அவருடைய இடத்தை அடுத்தவர் மூட வேண்டும். கோல் கோட்டின் ஓரம் வரை போய்ப் பின்னோக்கி இழுத்துவிடப்படும் பாஸ்தான் எல்லாவற்றிலும் கொடியது. ஏனென்றால் அந்தக் கணத்தில் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பந்தையும் ஆளையும் ஒருசேரப் பார்க்க முடியாது. இதையெல்லாம் ஒருமுறை இருமுறை அல்ல, தொண்ணூறு நிமிடமும் செய்ய வேண்டும். எண்பதாம் நிமிடத்தில் காலைவிட முதலில் தளர்வது கவனம். எங்கள் அணி கார்னரில் ஆளை விட்டதும் அப்படித்தான்.

இந்த வேலையைச் செய்யாமல் வெறுமனே பின்னால் நின்றால் என்ன ஆகும் என்பதை 2022 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்கா காட்டியது. ஸ்பெயினிடம் 0-7. அந்த ஆட்டத்தில் அவர்கள் கோலை நோக்கி ஒரு முறைகூடப் பந்தை உதைக்கவில்லை. எதிரே இருப்பவர் பாஸ் கொடுக்கும்போது அருகில் போய் நெருக்காத வரிசை, எத்தனை பேரைக் கொண்டிருந்தாலும் அது தடுப்பு ஆகாது. ஆனால் நான்கே நாள்கள் கழித்து அதே கோஸ்டா ரிக்கா ஜப்பானை 1-0 என்று வென்றது. 81ஆம் நிமிடத்தில் ஃபுல்லர் அடித்த அந்தக் கோல்தான், அந்தத் தொடரிலேயே கோல் வலையை நோக்கி அவர்கள் சரியாக அடித்த முதல் பந்து.

அந்த ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்து, இடைவேளைக்குப் பின் மாற்று வீரர்களை இறக்கி, தோவானும் அசானோவும் அடித்த கோல்களால் 2-1 என்று வென்றது. மூன்றாம் ஆட்டத்தில் ஸ்பெயினையும் அதே கணக்கில் வென்றது. ஸ்பெயினுடனான ஆட்டத்தில் பந்து ஜப்பானின் காலில் இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான நேரம். இரண்டுக்கும் நடுவில், தன்னைவிடப் பலம் குறைந்ததாகக் கருதப்பட்ட கோஸ்டா ரிக்காவிடம், பந்தைத் தானே வைத்திருந்து ஆடிய நாளில், தோற்றது. பந்து யாரிடம் இருந்தது என்ற எண்ணிக்கையை வைத்துத் துணிச்சலை அளப்பவர்கள் இந்த மூன்று ஆட்டங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் 48, 51 ஆகிய நிமிடங்களில் அடித்த இரு கோல்களுக்கு முன்னால் நடந்ததையும் கவனியுங்கள். இடைவேளை முடிந்து வந்த உடனேயே, அதுவரை பின்னால் இருந்த வீரர்கள் திடீரென ஸ்பெயினின் தடுப்பாட்டக்காரர்கள் மீது பாய்ந்து பந்தைப் பறிக்கத் தொடங்கினார்கள். எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்த அணி அது.

எழுந்திருக்கும் வழி தெரியாமல் உட்கார்ந்த அணிகள்தான் என் பார்வையில் குற்றவாளிகள். தாழ்ப்பாள் என்ற பொருளில் இத்தாலியர்கள் 'கத்தெனாச்சோ' என்று அழைத்த ஆட்டமுறையைப் பயிற்சியாளர் எலேனியோ எர்ரேரா இன்டர் மிலானில் செம்மைப்படுத்தி 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1967 இறுதிப் போட்டியில் ஏழாம் நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் கிடைத்தது, தாழ்ப்பாளைப் போட்டார்கள். ஆனால் பந்தை வாங்கி முன்னே அனுப்பக்கூடிய ஸ்பெயின் வீரர் லூயிஸ் சுவாரெஸ் அன்று களத்தில் இல்லை. தங்கள் பகுதியிலிருந்து வெளியே உதைத்த பந்தெல்லாம் மீண்டும் மீண்டும் திரும்பி வர, செல்டிக் இரண்டு கோல் அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

2012இல் செல்சி மியூனிக்கில் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை இதன் மறுபக்கமாகச் சொல்லலாம். பேயர்னுக்கு அன்று இருபது கார்னர்கள். செல்சிக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் 88ஆம் நிமிடத்தில் துரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். பிறகு பெனால்டிகளில் வென்றார்கள். அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறையவே இருந்தது. ஆயினும் நெடுந்தூரம் உதைக்கப்பட்ட பந்தை இரண்டு தடுப்பாட்டக்காரர்களைச் சுமந்தபடி நெஞ்சில் வாங்கி நிறுத்தக்கூடிய ஒருவர் முன்னால் இருந்ததால்தான், பின்னால் இருந்த பத்துப் பேருக்கு இடையிடையே மூச்சுவிட நேரம் கிடைத்தது.

ரசிகர்களின் எதிர்வினைக்கு வருவோம். 2014இல் ஈரான் அர்ஜென்டினாவுடன் ஆடியதை நான் இன்றும் மறக்கவில்லை. பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸின் அணி தொண்ணூறு நிமிடம் கோல் விடவில்லை. அதோடு நிற்காமல், இரண்டாம் பாதியில் தெஜாகாவின் தலை முட்டலை அர்ஜென்டினா கோல்கீப்பர் ரொமேரோ விரல் நுனியால் தட்டிவிட வேண்டியிருந்தது. ஒரு பெனால்டிக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. 91ஆம் நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து இடது காலால் வளைத்து அடித்தார். அதைத் தடுக்கக்கூடிய ஆட்டமுறை எந்தப் பயிற்சியாளரிடமும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எங்கள் அணியின் தோல்விக்கும் அதற்கும் வித்தியாசமில்லை; இரண்டும் 0-1. ஈரான் வீரர்கள் தலைநிமிர்ந்து வெளியேறினார்கள் என்று சொன்னோம், எங்களவர்கள் ஒடுங்கித் தோற்றார்கள் என்று சொல்கிறோம். இந்த இடத்தில் ரசிகனின் உள்ளுணர்வு முழுக்கத் தவறல்ல. எதிரணியின் கோல்கீப்பருக்கு வேலை வைத்த தோல்வியையும் வைக்காத தோல்வியையும் அது சரியாகவே பிரித்து உணர்கிறது. உணர்ந்ததைச் சொல்லும்போதுதான் சொல் தவறிவிடுகிறது.

2022 ஏப்ரலில், இரு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் முடிவாகும் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டத்தில், மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் அத்லெடிகோ மாட்ரிட் ஐந்து பேர் கொண்ட இரண்டு வரிசைகளாகப் பின்னால் படிந்து, கோலை நோக்கி ஒருமுறைகூட அடிக்காமல் 0-1 என்று தோற்றது. உலகமே அதன் பயிற்சியாளர் சிமியோனேயைத் திட்டியது. அடுத்த வாரம் மாட்ரிட்டில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் பிற்பாதியில் அதே அணி சிட்டியைத் துரத்தித் துரத்தி அடித்தது. இறுதி நிமிடங்களில் நேரத்தைக் கடத்தியது சிட்டி. 0-0 என்று முடிந்து அத்லெடிகோ வெளியேறியபோது சொந்த ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். முதல் ஆட்டத்திலேயே இப்படி ஆடியிருக்கலாமே என்று அன்று பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. முதல் ஆட்டத்தில் ஒரே கோலோடு தப்பித்ததால்தான் இரண்டாம் ஆட்டத்தில் துரத்துவதற்கு ஏதோ மிச்சமிருந்தது. அதே நேரம், ஒருமுறைகூட அடிக்காமல் ஒரு ஆட்டத்தை முடிப்பது திட்டத்தில் இருந்த ஓட்டைதான். அதைத் தந்திரம் என்று நான் பூசி மெழுக மாட்டேன்.

பலமானவர்களின் முகாமிலிருந்து வரும் ஏளனத்தைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. 2004இல் டோட்டன்ஹாம் 0-0 என்று சமன் செய்தபோது, எதிரணி பஸ்ஸைக் கொண்டுவந்து கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டது என்று குறைப்பட்டவர் செல்சியின் பயிற்சியாளர் மொரீனியோ. ஆறு ஆண்டுகள் கழித்து, இன்டரின் பயிற்சியாளராக, பார்சிலோனாவின் மைதானத்தில் 28ஆம் நிமிடத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடி, ஒரே கோல் விட்டு, மொத்தக் கணக்கில் 3-2 என்று இறுதிக்குப் போனவரும் அவரே. 2016 யூரோ தொடரில் ஐஸ்லாந்து போர்ச்சுகலை 1-1 என்று தடுத்து நிறுத்தியபோது, இது சிறுமதி, இவர்கள் எதையும் சாதிக்கப் போவதில்லை என்ற பொருளில் ரொனால்டோ பேசினார். ஐஸ்லாந்து பின்னர் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பியது. போர்ச்சுகலோ, தொண்ணூறு நிமிடத்துக்குள் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் வென்று, பொறுமையாகத் தடுத்துத் தடுத்தே கோப்பையைத் தூக்கியது. பிரான்ஸிடம் 2-5 என்று தோற்று ஊர் திரும்பிய ஐஸ்லாந்து அணியை ரேக்யவிக்கில் ஆயிரக்கணக்கானோர் கூடி வரவேற்றார்கள். ஐந்து கோல் வாங்கியும் வரவேற்பா என்று என் நண்பர்கள் இதை எனக்கு எதிராகவே திருப்பலாம். அந்த வரவேற்பு அந்த ஒரு தோல்விக்குக் கிடைத்ததல்ல. அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களுக்குக் கிடைத்தது.

சமமான அணிகளுக்கு எதிராகவும் வாரந்தோறும் இப்படியே ஆடினால் ரசிகன் பொறுக்க வேண்டியதில்லை. அது வேறு வழக்கு. அங்கே நானும் திட்டுபவர்களின் வரிசையில் நிற்பேன்.

இவ்வளவும் எழுதுவதற்கு முன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த ஆட்டத்தை முழுவதுமாக மறுபடியும் பார்த்தேன். முதல் அறுபத்தைந்து நிமிடங்களில் எங்கள் முன்கள வீரர், அழகாக இல்லாவிட்டாலும், பின்னாலிருந்து வந்த பந்துகளில் பாதியையாவது தன்னிடம் நிறுத்தி வைத்தார். ஒரு ஃப்ரீகிக் வாங்கினார், ஒரு த்ரோ வாங்கினார், அதற்குள் மற்றவர்கள் முன்னேறி வந்தார்கள். 66ஆம் நிமிடத்தில் பயிற்சியாளர் அவரை வெளியே எடுத்து இன்னொரு தடுப்பாட்டக்காரரை இறக்கினார். அதன் பிறகு நாங்கள் வெளியே உதைத்த பந்துகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று. பதினொன்றும் எதிரணியின் காலுக்கே போயின. பதினொன்றாவதிலிருந்து தொடங்கிய தாக்குதலில்தான் அந்தக் கார்னர் கிடைத்தது.

இதைக் குழுவில் அப்படியே எழுதினேன். முதலில் அந்த வாக்கியத்தைப் போட்ட நண்பரிடமிருந்து நெடுநேரம் பதில் இல்லை. கடைசியில் "அப்படியானால் நீயும் பயிற்சியாளரைத் திட்டத்தானே செய்கிறாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், ஆனால் 66ஆம் நிமிடத்திலிருந்து மட்டும்.