2 ரூபாய் செஸ் மட்டுமா காரணம்?
2023 ஏப்ரலில் கேரள அரசு பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்குப் போட்ட 2 ரூபாய் செஸ்தான் (கூடுதல் தீர்வை) தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆரியங்காவு, வாளையார் பக்கத்து கேரளப் பெட்ரோல் பங்க்குகளைக் காற்றாட வைத்தது என்கிறது ஒரு கட்டுரை. அது பாதி உண்மைதான். செஸ் வருவதற்கு முன்பே சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102.63 ரூபாய், திருவனந்தபுரத்தில் 107.71. வித்தியாசம் வரி போடும் முறையில் இருக்கிறது. கேரளாவில் பெட்ரோலுக்கு விற்பனை வரி 30.08 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் வரி. தமிழ்நாட்டில் 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். எண்ணெய் நிறுவனம் அடிப்படை விலையை 10 ரூபாய் ஏற்றினால் அங்கே மாநில வரி தானாக 3 ரூபாய் ஏறும், இங்கே 1.30தான். இறங்கும்போதும் அதே கணக்குதான்: 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்தபோது, கேரளா விரலைக்கூட அசைக்காமல் அங்கே மாநில வரி 2.41 ரூபாய் இறங்கியது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கேரளாவும் "தமிழ்நாடு மாதிரி ரூபாய்க் கணக்கில் வைத்தால் போதும்" என்கிறார். கச்சா எண்ணெய் விழும்போது அந்த 11.52 அசையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அந்த நேரத்தில் மக்களுக்கு அது நஷ்டம். டீசலில்தான் அடி பலம். லிட்டருக்கு 4 ரூபாய் வித்தியாசம் என்றாலே, 300 லிட்டர் டேங்கைத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் புளியரையில் நிரப்பிவிட்டு கேரளாவுக்கு மலை ஏறும் லாரிக்கு 1,200 ரூபாய் மிச்சம். அந்த 300 லிட்டரின் வரியில் கேரளக் கஜானாவுக்கு ஒரு பைசாகூடப் போகாது. செஸ்ஸை மட்டும் எடுத்தால் அந்த லாரி கேரள பங்க்குக்குத் திரும்பி வராது, விற்பனை வரிச் சதவீதத்தைத் தொட வேண்டும்.